மாமனாருக்கும் மதுபர்க்கம்

கல்யாண மண்டபத்தின் வாசலில் ஒரு சிறிய மேஜை. அதன் மேல் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், ஒரு தட்டு நிறையக் கல்கண்டு, ரோஜாப் பூக்கள். பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு குழந்தைகள் வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். மாட்டுங்கா, கரோல்பாக், மல்லேஸ்வரம், மயிலாப்பூர் எங்கே போனாலும் இந்தக் காட்சி ஒன்றேதான். "இதெல்லாம் வேத காலத்திலிருந்து வந்த ஸம்பிரதாயம்" என்று நம்மில் பலர் குழந்தைகளுக்குச் சொல்லியும் வைக்கிறோம்.

அந்த மேஜையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்த நூற்றாண்டில் நம் வாசலுக்கு வந்தது என்று கேட்டால் விடை சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. மேஜையில் இல்லாதவற்றைப் பற்றிக் கேட்டாலோ விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது. அதனால் இல்லாதவற்றிலிருந்தே தொடங்கலாம்.

ஸூத்திரங்கள் சொல்லும் வரவேற்பு

நம்மில் பெரும்பாலோர் ஆபஸ்தம்ப ஸூத்திரத்தைச் சேர்ந்தவர்கள். போதாயனர், ஆச்வலாயனர், த்ராஹ்யாயணர் வழியில் வந்த குடும்பங்களும் உண்டு. இந்த க்ருஹ்ய ஸூத்திரங்கள் எல்லாவற்றிலுமே மதிப்புக்குரிய விருந்தினர் வந்தால் செய்ய வேண்டியவை வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. முதலில் உட்கார தர்ப்பையால் ஆன ஆஸனம். பிறகு கால் அலம்பத் தண்ணீர், அதுதான் பாத்யம். கைக்குக் கொடுக்கும் நீர் அர்க்யம். வாய் சுத்தத்துக்கு ஆசமனீயம். அதன் பின் மதுபர்க்கம். கடைசியில் ஒரு பசு.

ஆச்வலாயனர் இங்கே ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறார். இந்த ஆறில் ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது அதன் பெயரை மூன்று தடவை விருந்தினருக்கு அறிவிக்க வேண்டுமாம். வெகு தூரம் நடந்து வந்து புது இடத்தில் தயங்கி நிற்கும் மனிதருக்கு, "இதோ ஆஸனம், இதோ கால் அலம்ப ஜலம்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பதில் இருக்கும் ஆதரவை நினைத்துப் பாருங்கள். சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு நாகரிகம் அதில் தெரிகிறது.

மதுபர்க்கம் என்பது தயிரும் தேனும் கலந்தது. வெண்கலப் பாத்திரத்தில் கலந்து, அதைவிடப் பெரிய வெண்கலப் பாத்திரத்தால் மூடிக் கொடுப்பது ஆபஸ்தம்பர் முறை. சிலர் நெய்யும் சேர்த்து மூன்று பொருளாகவும், வேறு சிலர் தானியமும் மாவும் சேர்த்து ஐந்து பொருளாகவும் செய்வார்கள் என்று அவரே குறிப்பிடுகிறார். களைத்து வந்தவருக்கு உடனே தெம்பு தரக்கூடிய ஆகாரம். நாம் இன்று கூல் டிரிங்க்ஸ் கொடுக்கும் இடம் அது.

பசுவைப் பற்றி நம் பத்திரிகைகளில் பொதுவாக எழுதுவதில்லை. வரலாறு எழுத உட்கார்ந்துவிட்டு அதை மறைப்பது நியாயமாகாது. ஆதியில் அந்தப் பசு விருந்துக்காகவே கொண்டுவரப்பட்டது. பாணினி தம் இலக்கணத்தில் 'கோக்ன' என்ற சொல்லுக்கு விருந்தினர் என்ற பொருள் வரும் விதத்தை விளக்குகிறார். யாருக்காகப் பசு கொல்லப்படுகிறதோ அவர் என்று அதற்கு அர்த்தம். அதே ஸூத்திரங்கள் இன்னொரு வழியையும் கூடவே வைத்திருந்தன. விருந்தினர் "இதை விட்டுவிடுங்கள், புல் தின்னட்டும், தண்ணீர் குடிக்கட்டும்" என்று சொல்லி அவிழ்த்து விடச் செய்யலாம். எட்டாம் நூற்றாண்டில் பவபூதி எழுதிய உத்தரராம சரிதத்தின் நான்காம் அங்கத்தில், வால்மீகி ஆசிரமத்துச் சிஷ்யப் பிள்ளைகள் இருவர் இதைப் பற்றி வம்பு பேசும் காட்சியே இருக்கிறது. வசிஷ்டருக்கு ஒரு விதமாகவும், புலால் ஒழித்துவிட்ட ஜனகருக்குத் தயிரும் தேனும் மட்டுமாகவும் மதுபர்க்கம் கொடுத்தது ஏன் என்று அவர்கள் விவாதிக்கிறார்கள். ஆக, இரண்டு வழக்கங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, பின்னது வென்ற கதை இது. இன்று நம் விவாகங்களில் பசுவும் வருவதில்லை, அதைக் கட்டவும் யாரும் இல்லை. ஆனால் அதை விட்டுவிடச் சொல்லும் மந்திரம் மட்டும் பிரயோகத்தில் நின்றுவிட்டது. அடுத்த முறை வாத்தியார் மதுபர்க்கத்தின் முடிவில் பசுவைக் குறித்துச் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

இந்த வரிசை உங்களுக்கு எங்கேயோ கேட்டது போல இருக்குமே! விநாயக சதுர்த்தி அன்று ஆவாஹனம் ஆனவுடன் ஆஸனம், பாத்யம், அர்க்யம், ஆசமனீயம், மதுபர்க்கம் என்று உத்தரணியால் ஒவ்வொரு சொட்டாக விடுகிறோமே, அதேதான். ஷோடசோபசாரம் என்கிற பதினாறு உபசாரங்களின் முதல் பகுதி, வீட்டுக்கு வந்த மனிதருக்கு க்ருஹ்ய ஸூத்திரங்கள் விதித்த வரவேற்பு. வேத கால யாகத்தில் தேவர்களுக்கு அக்னி மூலம் ஹவிஸ் போயிற்று. பிற்காலத்தில் மூர்த்தி வைத்துப் பூஜை செய்யும் முறை வந்தபோது, வீட்டுக்கு எழுந்தருளும் தெய்வத்தை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு விருந்தோம்பல் முறையே விடையாகக் கிடைத்தது. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி, தாய் தந்தை ஆசாரியர் வரிசையில் அதிதியையும் தெய்வமாகக் கொள்ளச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். மத்திய சுற்றுலாத் துறைகூட அந்த வாசகத்தை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. வழிபாட்டின் வரலாற்றைப் பார்த்தால் தெய்வத்தைத்தான் அதிதியாக வைத்தார்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளையாருக்குப் பாத்யம் கிடைக்கிறது. வெயிலில் வந்த மனிதருக்கு இப்போது அது இல்லை. பழைய வீடுகளில் முற்றத்து ஓரத்திலோ வாசலிலோ தண்ணீர் நிரப்பிய அண்டாவும் செம்பும் இருந்த வரையில் பாத்யமும் இருந்தது.

பட்டியலில் யார் யார்?

மதுபர்க்கம் கொடுத்துப் பூஜிக்கத் தக்கவர்கள் யார் என்ற பட்டியலைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே தோன்றியது.

ஆசாரியர், ருத்விக், ஸ்நாதகர், அரசர், விவாகத்துக்கு வந்த வரன். இவர்கள் நாம் எதிர்பார்ப்பவர்கள்தான். ஆனால் ஆபஸ்தம்பர் பட்டியலில் மாமனார் இருக்கிறார். ஆச்வலாயனர் மாமனாரோடு சித்தப்பா பெரியப்பாமாரையும், அம்மான்களையும் சேர்க்கிறார். கௌதம தர்ம ஸூத்திரமும் அப்படியே சொல்கிறது. மனு ஸ்ம்ருதியின் மூன்றாம் அத்தியாயத்திலும் மாமனார், மாமா உண்டு; அங்கே 'பிரியர்' என்று வரும் சொல்லுக்கு உரைகாரர்கள் மாப்பிள்ளை என்று பொருள் கொள்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து இவர்கள் மறுபடி வந்தால் மறுபடியும் மதுபர்க்கம் உண்டு என்பது விதி.

இதன் அர்த்தம் என்ன? மாப்பிள்ளைக்கு மாமனார் கால் அலம்பி மதுபர்க்கம் கொடுப்பது எப்படி சாஸ்திரமோ, அப்படியே மாமனார் தம் பெண் வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை அவருக்கு ஆஸனம் போட்டு மதுபர்க்கம் கொடுப்பதும் சாஸ்திரம். இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இதில் முதலாவதை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

வைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, அதை வளர்த்தும் விட்டோம். ஸூத்திரப்படி வரன் ஒருவர்தான் அர்க்யத்துக்கு உரிய விருந்தினர். அதுவும் அந்த ஒரு கர்மாவின் போது. படிப்பு முடித்துக் காசிக்குக் கிளம்பும் ஸ்நாதகரைப் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து அழைத்து வருவதாக நாம் நடத்தும் காசி யாத்திரையும் அந்த எண்ணத்தை ஒட்டியதே. குடை, விசிறி, கைத்தடியோடு நாலு தப்படி நடந்து திரும்பும் அந்தக் காட்சியில் ஒரு நகைச்சுவையும் அழகும் உண்டு. ஆனால் காலப்போக்கில் வரனுக்கு உரிய மரியாதை வரனின் தகப்பனாருக்கும், அத்தைக்கும், சித்தப்பாவின் சம்பந்திக்கும் பரவி, ஒரு வேளை என்பது மூன்று நாள் என்று நீண்டு, 'சம்பந்தி உபசாரம்' என்ற தனி சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. மேலே சொன்ன பட்டியல்கள் எதிலும் பிள்ளையின் தகப்பனார் என்று ஒருவர் கிடையாது. காபி ஆறிப் போயிற்று, ரூமில் ஏ.ஸி. வேலை செய்யவில்லை, கவனிப்பாரில்லை என்று வரும் புகார்களால் எத்தனை பெண் வீட்டார் முகூர்த்த நேரத்தில்கூடக் கண் கலங்க நிற்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இது ஏதோ பழைய காலத்துச் சங்கதி என்று சொல்வதற்கில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு ஊர் பார்த்த பிறகும் நடக்கிறது. அதற்கு 'சாஸ்திரம்' என்ற பெயரை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

மறுபக்கத்தையும் பாருங்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் சாப்பிடக் கூடாது என்று, பேரன் பேத்தி பிறக்கும் வரையில் கை நனைக்காமல் வந்த பெற்றோர்கள் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். வடக்கே பல ஸமூகங்களில் பெண் வீட்டில் தண்ணீர்கூட அருந்தாத வழக்கம் உண்டு. க்ருஹ்ய ஸூத்திரமோ அதே மாமனாரை ஆசாரியருக்கும் ராஜாவுக்கும் சமமாக உட்கார்த்தித் தயிரும் தேனும் கொடுக்கச் சொல்கிறது. பெண்ணைப் பெற்றவர் வந்தால் என்ன மரியாதை என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பழைய பிரமாணம் எங்கே தேடுவது?

இன்று அந்தப் பட்டியலில் எஞ்சியிருப்பவர் வரன் ஒருவரே. அவருக்கான மதுபர்க்கமும் விடியற்கால முகூர்த்தத்தில், போட்டோகிராபர் "ஸார், இந்தப் பக்கம் பாருங்கோ" என்று குறுக்கிட, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. வரவேற்பு மேஜைக்கு இருக்கும் முக்கியத்துவம் அதற்கு இல்லை.

கோத்திரம் கேட்காதே

முறையாக அழைத்து வந்த பெரியவர்களுக்கு மதுபர்க்கம் என்றால், அழைக்காமல் வந்து நிற்பவருக்கு? அவர்தான் உண்மையான அதிதி. ஓர் இரவு மட்டும் தங்குபவர், நிலையாக இராதவர் என்பதால் அதிதி என்று மனு பெயர்க் காரணம் சொல்கிறார். இல்லறத்தானின் ஐந்து மகா யஜ்ஞங்களில் மனுஷ்ய யஜ்ஞம் என்பது இவருக்குச் சோறிடுவது. கடோபநிஷத்தில் நசிகேதன் யமன் வீட்டு வாசலில் மூன்று இரவு பட்டினி கிடந்ததற்கு ஈடாகத்தான் யமன் மூன்று வரங்கள் தந்தான். அந்த உபதேசமே ஒரு வீட்டுக்காரனின் பிராயச்சித்தத்தில் பிறந்தது. காளிதாஸனைப் பாருங்கள். மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் துர்வாஸர் சாபம் கிடையாது. நாடகத்தில் அதை நுழைத்த காளிதாஸன், சகுந்தலைக்கு எந்தக் குற்றத்தைச் சுமத்தலாம் என்று யோசித்து, வாசலில் வந்து நின்ற விருந்தினரைக் கவனியாமல் இருந்ததைத் தேர்ந்தெடுத்தான். பார்க்கிறவர்களுக்கு அது போதும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மனு சொல்லும் இன்னொரு விதி நமக்குச் சுருக்கென்று தைக்கும். சாப்பாட்டுக்காகத் தன் குலத்தையும் கோத்திரத்தையும் சொல்லிக்கொள்ளும் அந்தணனைக் கக்கியதை உண்பவன் என்று மிகக் கடுமையாகப் பழிக்கிறார். நாமோ அறிமுகமாகும் முதல் நிமிஷத்திலேயே "எந்த ஊர், என்ன கோத்திரம், வடமாளா பிருஹசரணமா?" என்று ஆரம்பிக்கிறோம். அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டையே நாடிப் போகும் இல்லறத்தான், மறுபிறவியில் சோறிட்டவனின் மாடாகப் பிறப்பான் என்றும் எச்சரிக்கை உண்டு. அதாவது விருந்தினருக்கும் வரம்பு வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே மனு, அந்தணர் வீட்டுக்கு வரும் க்ஷத்திரியரை அதிதியாகக் கொள்வதில்லை. வைசியரும் சூத்திரரும் வந்தால் வேலைக்காரர்களோடு சாப்பாடு போடச் சொல்கிறார். வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. நம் தாத்தாக்கள் காலம் வரையில் பந்தியில் அது இருந்தது. அதைப் பேசாமல் விருந்தோம்பல் பெருமையை மட்டும் பேசினால் பாதி வரலாறுதான் ஆகும். ஆபஸ்தம்ப தர்ம ஸூத்திரத்தில் இதற்கு நடுவே ஒரு வாக்கியம் மின்னுகிறது. உணவு போதாவிட்டால் தனக்குக் குறைத்துக்கொள்ளலாம், மனைவிக்கும் மகனுக்கும்கூடக் குறைக்கலாம், தனக்காக வேலை செய்கிறவனுக்கு ஒருபோதும் குறைக்கக் கூடாது என்பது அதன் கருத்து. புது மணப்பெண், சிறுமி, நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு விருந்தினருக்கும் முன்பாகவே சாப்பாடு போட்டுவிடலாம் என்கிறார் மனு. விருந்தாளி சாப்பிடும் வரை மருமகள் பசியோடு காத்திருக்க வேண்டும் என்று வைத்திருந்த வீடுகள் இதைப் படித்திருக்கவில்லை போலும்.

மேஜைக்கு வருவோம்

இப்போது பன்னீர்ச் செம்பு. ரோஜாப்பூவை வடித்து எடுக்கும் பன்னீர் பாரசீகத்திலிருந்து வந்த ரசனை. நீண்ட கழுத்தும் சல்லடை மூடியும் கொண்ட வெள்ளிச் செம்பு மொகலாய தர்பாரின் குலாப்பாஷ் என்ற பாத்திரத்தின் தங்கை. ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவர் நூர்ஜஹானின் தாயார் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு கங்கைக் கரையில் காஜிப்பூர் ரோஜாத் தோட்டங்களுக்கும் பன்னீருக்கும் பெயர் பெற்றது. ஆக, நம் வாசலில் மற்றவரை வரவேற்கும் பன்னீர்ச் செம்பே ஒரு காலத்தில் நாம் வரவேற்று உள்ளே விட்ட விருந்தாளி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்கண்டு நேர்மாறு. ஸம்ஸ்கிருதத்தில் 'கண்ட' என்று கற்கண்டுக்குப் பெயர். அது பாரசீகத்தில் 'கந்த்' ஆகி, அரபு வழியாக ஐரோப்பா போய், குழந்தைகள் கேட்கும் 'காண்டி' ஆயிற்று. இது இங்கிருந்து போனது. மதுபர்க்கத்தில் தேனுக்கு இருந்த இடத்தைத்தான் வாசலில் கல்கண்டு பிடித்துக்கொண்டது என்று எனக்கு ஓர் எண்ணம்.

வெற்றிலை பாக்கு ஸூத்திரங்களின் வரவேற்பு வரிசையில் இல்லை. வெற்றிலைக் கொடி தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது என்பது தாவரவியலார் கணிப்பு. தெற்கே அது முன்பே வேரூன்றிவிட்டது. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே ஆயர் குடிசையில் கண்ணகி கோவலனுக்குக் கடைசி முறையாகச் சோறு பரிமாறி வெற்றிலை பாக்கும் கொடுக்கிறாள். 1333ல் இந்தியாவுக்கு வந்த இபன் பதூதா, பொன்னும் வெள்ளியும் தருவதைவிட வெற்றிலை தருவதை இந்த நாட்டார் பெரிய மரியாதையாக நினைப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டு எழுதினார். 1443ல் விஜயநகரத்துக்குத் தூது வந்த அப்துர் ரஸாக்குக்கு அரசர் இரண்டாம் தேவராயர் வெற்றிலையும், பணமுடிப்பும், பச்சைக் கற்பூரமும் கொடுத்தனுப்பினார். வட இந்திய தர்பார்களில் அத்தரும் பானும் கொடுத்தால் பேட்டி முடிந்தது, எழுந்து போகலாம் என்று அர்த்தம். சமஸ்தானாதிபதிகளைச் சந்தித்த வெள்ளைக்கார அதிகாரிகளும் இந்த வழக்கத்தைக் கடைசி வரை கடைப்பிடித்தார்கள். நம் வீட்டில் நவராத்திரிக்கு வந்த மாமி "நாழியாச்சு, வெத்தலை பாக்கு கொடுத்துடு" என்று கேட்பதும் அதே பாஷைதான்.

பூர்ணகும்பம் மட்டும் உண்மையிலேயே பழையது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் பர்ஹுத், ஸாஞ்சி சிற்பங்களிலும், பின்னர் அமராவதியிலும் தாமரை பொங்கி வழியும் நிறைகுடத்தைப் பார்க்கலாம். பௌத்தர்களும் சமணர்களும் நம்மவர்களும் சேர்ந்து கொண்டாடிய மங்கலச் சின்னம் அது. அமராவதிச் சிற்ப மரபை ஒட்டி 2018ல் அறிவிக்கப்பட்ட ஆந்திரப் பிரதேச அரசின் இலச்சினையிலும் நடுவில் நிறைகுடமே இருக்கிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் கண்ட கல்யாணக் கனவில் மாப்பிள்ளையை எதிர்கொள்ள வைத்தவை பொற்குடமும் தோரணமும், தீபமும் கலசமும் ஏந்திய பெண்களும். அந்தப் பட்டியலில் எதுவும் இன்றைக்கும் மாறவில்லை. தேங்காய் உருட்டி அந்தப் பாசுரங்களைப் பாடும்போது, ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு வரவேற்பை நாம் அப்படியே நடத்துகிறோம்.

வெளியூர்களில் வாழும் நமக்கு வேறொரு பாக்கியமும் உண்டு. மற்றவர்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்று பக்கத்து வீட்டிலேயே பார்க்கிறோம். கல்கத்தாவில் சங்கும் உலு ஒலியும். அஸ்ஸாமில் பித்தளை ஸராயில் வைத்த பாக்கு வெற்றிலையும், தோளில் போடும் சிவப்புக்கரைக் கமோஸாவும். மகாராஷ்டிரத்தில் மஞ்சள் குங்குமத்தோடு புறங்கையில் தடவும் அத்தர். சிக்கிமிலும் லடாக்கிலும் வெள்ளைப் பட்டுத் துணி. கேரளத்தில் நெல் நிறைத்த பறையில் தென்னம்பூவைச் செருகி நிலவிளக்கின் பக்கத்தில் வைக்கும் நிறபறையைப் பாலக்காட்டு அக்ரஹாரத்தார் எப்போதோ தமதாக்கிக்கொண்டுவிட்டார்கள். நிறைந்த பாத்திரம், ஒரு விளக்கு, ஏதாவது ஒரு வாசனை என்ற மூன்றும் எங்கே போனாலும் வந்துவிடுகின்றன.

திண்ணையும் சத்திரமும்

தமிழில் விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்றுதான் முதல் பொருள்; தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும்போதும் அப்படித்தான் சொல்கிறது. விருந்து என்பவர் தெரியாதவர். வள்ளுவர் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியதும் அவருக்காக. கோவலன் பிரிந்திருந்த காலத்தைப் பற்றிக் கண்ணகி சொல்லும் குறையே, விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமையை இழந்தேன் என்பதுதான்.

அந்தத் தெரியாதவருக்காகக் கட்டியது திண்ணை. வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமலே வழிப்போக்கர் படுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர்கள் கட்டிய திண்ணையின் பெரிய உருவம்தான் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரப் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். 1801ல் இரண்டாம் சரபோஜி கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சத்திரங்களில் அந்தணர் முதல் கடைசி ஜாதியார் வரை எல்லா யாத்ரிகர்களுக்கும் உணவு கிடைப்பதையும், நோயாளிகளுக்கு வைத்தியமும் அநாதைக் குழந்தைகளுக்குப் பராமரிப்பும் தருவதையும் விவரித்து, இந்தத் தர்மத்தை மட்டும் தம்மிடமிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். நாட்டின் ஆட்சியே கைவிட்டுப் போகிற நேரத்தில் ஓர் அரசர் கேட்டது சோறிடும் உரிமையை! 1802ல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தையும் அவர் கட்டினார்.

நம்மவர்கள் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்ட் பாஸ் செய்த சர்ட்டிபிகேட்டோடு பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயில் ஏறிய காலத்தில், திண்ணையும் சத்திரமும் இல்லாத ஊர்களில் அந்த வேலையைச் செய்தது ஒற்றை ரூம் வாடகை வீடுகள். ஒன்றுவிட்ட அத்தானுடைய சிநேகிதர் எழுதிக் கொடுத்த கடிதாசு ஒன்றுதான் பையன் கையில் இருக்கும். டிரங்குப் பெட்டியையும் ஹோல்டாலையும் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, வேலை கிடைக்கும் வரை மாதக் கணக்கில் அங்கேயே இருப்பான். ஆறு பேருக்கு வடித்த சாதத்தை ஏழு பேருக்குப் பரிமாறிய அந்த மாமிகளின் பெயர் எந்த நினைவு மலரிலும் வரவில்லை. நம் சங்கங்கள் பலவற்றுக்கு அந்தக் கூடங்கள்தான் முதல் அலுவலகம். அக்குடும்பங்களின் கதைகளை, சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது அபார்ட்மெண்ட் வாசலில் காவலாளி நோட்டில் பெயரும் பிளாட் நம்பரும் எழுதச் சொல்கிறார். சில இடங்களில் மொபைல் போனில் வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால்தான் கதவு திறக்கும். நகரத்துப் பயங்கள் நிஜமானவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேளை தண்ணீர் கேட்டு முன்பின் தெரியாதவர் நம் கதவைத் தட்டுவது என்பதே இல்லாமல் போய்விட்டது. கூரியர் கொண்டுவரும் பையன்தான் இன்று அழைக்காமல் வருபவன். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன; பாத்யமும் அர்க்யமும் அங்கே கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன.

வழியனுப்புவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. பொருநராற்றுப்படையில் கரிகால் சோழன், பாடி வந்த பொருநனுக்கு நாலு வெண்குதிரை பூட்டிய தேரைக் கொடுத்ததோடு, ஏழு அடி அவன் பின்னால் நடந்து சென்று ஏற்றி அனுப்புகிறான். ஆபஸ்தம்பர் இதற்கும் விதி வைத்திருக்கிறார். வண்டியில் வந்தவரை வண்டி வரையில் கூடப் போய் விட வேண்டும். நடந்து வந்தவரோடு, அவர் "போதும், திரும்புங்கள்" என்று சொல்லும் வரை நடக்க வேண்டும். அவர் சொல்ல மறந்துவிட்டால்? ஊர் எல்லையில் திரும்பிவிடலாம்.

நான்காம் மாடியிலிருந்து லிஃப்டில் கூடவே இறங்கி வந்து, கார் கதவைச் சாத்திவிட்டு, வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை ஒரு கையால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் ஆபஸ்தம்பரைப் படித்ததில்லை.